பால் டப்பாவை எதற்காக மாற்றுகிறோம்?

கைக்குழந்தை விடாமல் அழுதால் நம் வீடுகளில் யோசனைகள் ஒரு வரிசையில் வருகின்றன. உரம் விழுந்திருக்கும் என்பார்கள். உரம் எடுக்கத் தெரிந்த பாட்டியைத் தேடிப் போவார்கள். மாந்தம் என்பார்கள், வசம்பைச் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுவார்கள். கண்ணேறு என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிரைப் வாட்டர் வரும். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்தில் வில்லியம் உட்வர்டு அதைத் தயாரித்தபோது அதில் சாராயமும் சேர்ந்திருந்தது என்று படித்த பிறகு, அந்தக் காலத்துக் குழந்தைகள் ஏன் உடனே கண்ணயர்ந்தன என்பதில் எனக்கு வியப்பில்லை. இத்தனையும் முடிந்த பின்னும் அழுகை நிற்கவில்லை, குழந்தையோ புட்டிப்பால் குடிக்கிறது என்றால், கடைசியாக ஒன்று மிச்சமிருக்கும்: “பால் ஒத்துக்கல போல. டப்பாவ மாத்திப் பாருங்க.”

இந்தக் கடைசி யோசனையைப் பற்றியே எழுத நினைக்கிறேன். முன்னவற்றைப் போல இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. சில குழந்தைகளுக்கு இதுவே சரியான வைத்தியம். என் மகள் அப்படிப்பட்டவர்களுள் ஒருத்தி. ஆனால் அவளுக்குப் பால் மாற்றப்பட்ட விதத்தையும், அக்கம்பக்கத்தில் பொதுவாக மாற்றப்படும் விதத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, டப்பாவை மாற்றுவதை ஒரு சோதனையாக எண்ணிச் செய்தால்தான் அதனால் பயன் உண்டு என்று தோன்றுகிறது. எதை மாற்றுகிறோம், எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கிறோம், பழைய பாலுக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்க்கிறோமா என்பவை தெளிவாக இல்லாவிட்டால், குழந்தையின் வயிற்றைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமலேயே பணத்தைச் செலவழித்து முடித்திருப்போம்.

என் மனைவிக்குப் பிரசவத்தின்போது இரத்தப்போக்கு அதிகமாகிவிட்டதால் பால் சுரப்பு தாமதமாகவும் குறைவாகவுமே வந்தது. மருத்துவமனையிலேயே தாய்ப்பாலுடன் பவுடர் பாலையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் சில வாரங்கள் பெரிய தொந்தரவில்லை. பிறகு மாலையில் விளக்கேற்றும் நேரத்துக்குத் தொடங்கும் அழுகை நள்ளிரவு வரை நீளத் தொடங்கியது. முட்டியை மடக்கி வயிற்றோடு இறுக்கிக்கொண்டு, முகம் சிவந்து, மூச்சை இழுத்துப் பிடித்து வீறிடுவாள். புட்டியை வாயில் வைத்தால் நான்கு மடக்குக் குடித்துவிட்டு முதுகை வில்லாக வளைத்துத் தள்ளிவிடுவாள். தள்ளிய அடுத்த நிமிடமே பசியோடு தேடுவாள். குடித்ததில் ஒரு பங்கு தோளில் போட்டிருந்த துண்டில் தயிராகத் திரும்பி வரும்.

மருந்துக்கடைக்குப் போனால் அங்கே ஒரு சுவர் முழுக்க டப்பாக்கள். எங்கள் மதுரையில் எந்த நிறுவனத்தின் பவுடர் பாலாக இருந்தாலும் லாக்டோஜன் என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் அருகே நான் (NAN), டெக்ஸோலாக், சிமிலாக், ஆப்டமில் என்று பெயர்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வயதுக்கேற்ற எண்கள். எந்த டப்பாவிலும் குழந்தையின் படம் இருக்காது. தாய்ப்பாலே சிறந்தது என்ற எச்சரிக்கை வாசகம் மட்டும் கட்டாயம் இருக்கும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் நாட்டில் குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது, இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விற்பனையைத் தூண்டச் சலுகை தரக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 1981இல் கொண்டுவந்த நெறிமுறையின் வழியில் வந்த நல்ல சட்டம் அது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனாலும், தவிர்க்க முடியாமல் பவுடர் பால் கொடுக்க வேண்டியிருக்கிற பெற்றோருக்கு எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று பக்குவமாகச் சொல்ல ஆள் இல்லை என்பதும் உண்மை. அந்த இடத்தை மாடிவீட்டு அக்காவும் கடைப்பையனும் நிரப்புகிறார்கள். “இது போனா அது சார், அதுவும் கேக்கலன்னா இது. எல்லாரும் இப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க” என்று கடைப்பையன் மூன்று டப்பாக்களைக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தான்.

அந்த மூன்றுக்கும் இடையே உண்மையில் என்ன வேறுபாடு என்று பின்னர்தான் புரிந்தது. முதல் ஆறு மாதத்துக்கான சாதாரணப் பவுடர் பால் பெரும்பாலும் பசும்பாலிலிருந்து செய்யப்படுவதே. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 3.3 கிராம் புரதம் இருக்கிறது. தாய்ப்பாலிலோ ஒரு கிராம் அளவே. ஆகவே அதைக் குறைத்து, கேசின் (பால் திரியும்போது கட்டியாகும் புரதம்) மிகுந்த பசும்பால் புரதத்தில் வே புரதத்தை (திரிந்த பாலின் தெளிநீரில் இருப்பது) கூட்டி, பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்களைச் சேர்த்து, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைத் தாய்ப்பாலின் அளவுக்கு உயர்த்தி, இரும்பும் வைட்டமின்களும் கலந்து பவுடராக்குகிறார்கள். ஒரு நிறுவனத்தின் சாதாரண டப்பாவிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் சாதாரண டப்பாவுக்கு மாறினால் புரதமும் சர்க்கரையும் பெரும்பாலும் பெரிதாக மாறுவதில்லை. எண்ணெயின் சேர்மானம் மாறலாம். பாமாயில் கூடுதலாக உள்ள பாலில், அதன் கொழுப்பு அமிலம் குடலில் கால்சியத்தோடு சேர்ந்து மலத்தை இறுக்கும் என்பதால், முக்கி முக்கி அழும் குழந்தைக்கு அந்த மாற்றம் சற்று உதவக்கூடும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதனால் எந்த மாற்றமும் வராது. பெயர் மாறியதால் பால் மாறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிறந்த குழந்தையின் அழுகைக்கென்றே ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மாரிஸ் வெஸல் 1954இல், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் காரணமின்றி அழும் நல்ல ஆரோக்கியமான குழந்தைகளைப் பற்றி எழுதினார். கோலிக் என்று மருத்துவர்கள் சொல்லும் வயிற்றுவலி அழுகைக்கு அதுவே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. 1962இல் பெரி பிரேசில்டன் தாய்மார்களை அழுகைக் குறிப்பேடு எழுத வைத்துப் பார்த்தபோது, நோயில்லாத குழந்தைகளும் ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சமாக அழுது, பிறகு தாமாகவே குறைந்து, மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுவது தெரிந்தது. பால் கக்குவதும் இப்படித்தான். நான்கு மாதம் வரை கூடி, உட்காரத் தொடங்கிய பின் குறைந்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும்.

இதை வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். நான்காவது வாரத்தில் ஒரு டப்பா, ஆறாவது வாரத்தில் ஒன்று, ஒன்பதாவது வாரத்தில் மூன்றாவது என்று மாற்றிக்கொண்டே போகிறவருக்கு மூன்றாவது டப்பா நிச்சயம் ‘கேட்கும்’. அழுகை தானாக அடங்கும் காலத்தில் கையில் எந்த டப்பா இருந்ததோ அதற்கே பெயர் கிடைக்கும். அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் மாடிவீட்டு அக்காவாகி அடுத்த வீட்டுக்குச் சொல்கிறார். நான்கு வீட்டு அக்காமார் நான்கு வெவ்வேறு டப்பாக்களுக்குச் சத்தியம் செய்வதன் காரணம் இதுவே.

எங்கள் குழந்தை மருத்துவர் முதல் சந்திப்பில் பாலை மாற்றவே இல்லை. அடுத்த முறை வரும்போது பால் டப்பா, அளவுக் கரண்டி, புட்டி, வெந்நீர்க் குடுவை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, குழந்தைக்குப் பசிக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொன்னார். தம் மேசையில் இருந்த காகிதங்களை ஒதுக்கி இடம் கொடுத்து, வீட்டில் கலக்குவதைப் போலவே கலக்குங்கள் என்றார். முதலில் தண்ணீரை ஊற்றி அளவைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தாரா, பிறகு பவுடரைப் போட்டாரா, கரண்டியைத் தட்டி அமுக்கினாரா அல்லது கத்தியின் பின்புறத்தால் வழித்துச் சமன் செய்தாரா என்று என் மனைவியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, சொட்டுச் சொட்டாக விழுகிறதா, ஒழுகுகிறதா என்று பார்த்தார். குழந்தையை மடியில் சற்று நிமிர்த்தி வைத்து, புட்டியைக் கிடைமட்டத்துக்கு அருகில் பிடித்து, நடுநடுவே நிறுத்தி ஏப்பம் விட வைத்துக் கொடுக்கும்படி சொல்லி, முழுப் பாலும் முடியும் வரை கூடவே இருந்தார். வெளியே வரிசை நீண்டிருந்தும் அவர் காட்டிய அந்தப் பொறுமையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் கலவையில் குறையில்லை. ஆனால் ‘பால் ஒத்துக்கவில்லை’ என்று வருகிற குழந்தைகளில் பலருக்குக் குறை அங்கேதான் இருக்கிறது என்றார். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று தண்ணீரைக் கூட்டுகிறார்கள். குழந்தை பசியோடு அழுகிறது, எடை ஏறுவதில்லை. வயிறு நிறைந்து தூங்கட்டும் என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போடுகிறார்கள்; மலம் இறுகுகிறது, உடலில் உப்பின் அளவு ஏறுகிறது. நம் கடைகளில் கிடைக்கும் டப்பாக்களில் பொதுவாக 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் டப்பாக்களிலோ பெரும்பாலும் 60 மில்லிக்கு ஒரு கரண்டி. அங்கிருந்து வந்த பவுடரை இங்குள்ள கணக்கில் கலக்கினால் பால் இருமடங்கு கெட்டியாகிவிடும். ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொரு டப்பாவில் போடவே கூடாது. கலக்கி வைத்த பாலை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த மிச்சத்தை எடுத்து வைக்கவே கூடாது. பவுடர் என்பது கிருமி நீக்கப்பட்ட பொருளன்று என்பதால், கொதித்த தண்ணீரின் சூடு 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் கலக்கி, பின்னர் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. புட்டிக்குப் பதிலாக, சங்கு போன்ற நம் பாலாடைக் கிண்ணத்தையே பயன்படுத்தலாம் என்றும் மருத்துவர் சொன்னார். கழுவ எளிது, காற்று உள்ளே போவது குறைவு. குறைமாதக் குழந்தைகளின் சிகிச்சைப் பிரிவுகளிலேயே பாலாடையால் புகட்டுகிறார்கள். என் மாமியாருக்கு அன்று முகமெல்லாம் பெருமை.

அடுத்து வந்த சந்தேகம் லாக்டோஸ். இதற்குள் உறவினர் ஒருவர், லாக்டோஸ் இல்லாத டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். இந்த இடத்தில் ஏற்படும் குழப்பம் மிகப் பரவலானது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். பாலில் உள்ள சர்க்கரை ஒத்துக்கொள்ளாமை வேறு, பாலில் உள்ள புரதம் ஒத்துக்கொள்ளாமை வேறு. பெரியவர்களில் பலருக்குப் பால் குடித்தால் வயிறு உப்புவது முதல் வகை. அது கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்குவதில்லை. தாய்ப்பாலிலேயே 100 மில்லிக்கு ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, பசும்பாலைவிட அதிகம். அதைச் செரிக்கும் நொதியோடுதான் குழந்தை பிறக்கிறது. பிறவியிலேயே அந்த நொதி இல்லாமலிருப்பது மிக மிக அரிது. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலின் உட்பரப்பு தேய்ந்து, சில வாரங்களுக்கு லாக்டோஸ் செரிக்காமல் போவதுண்டு. அப்போது தற்காலிகமாக லாக்டோஸ் இல்லாத பால் உதவும். மலத்தில் சர்க்கரை வெளியேறுகிறதா என்று பார்க்கும் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு செய்வதும் சரியில்லை. நன்றாக வளரும் தாய்ப்பால் குழந்தைகளின் மலத்திலும் அது தென்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, லாக்டோஸ் நீக்கிய டப்பாக்கள் பலவற்றில் பசும்பால் புரதம் அப்படியே இருக்கிறது. புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைக் கொடுத்தால், மாற்றியும் பயனில்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம்.

என் மகளின் விஷயம் திசை மாறியது ஒரு காலை வேளையில் அவளுடைய துணியைப் பார்த்தபோது. மலத்தோடு சளி கலந்திருந்தது. அதில் இழையிழையாகச் சிவப்பு. ஒருமுறை என்றால் ஆசனவாயில் சிறு வெடிப்பாக இருக்கலாம். மருத்துவர் அதைத்தான் முதலில் பார்த்தார், வெடிப்பு இல்லை. துணியையே கொண்டுவரச் சொல்லி அடுத்தடுத்துப் பார்த்தபோதும் சிவப்பு இருந்தது. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சொரசொரப்பாகப் படை. என் மனைவிக்குச் சிறுவயதில் இருந்த மூச்சிளைப்பையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். எடை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் என்ற அளவின் கீழ்க்கோட்டை ஒட்டி.

பசும்பால் புரத ஒவ்வாமை இரண்டு விதமாக வரும் என்று விளக்கினார். ஒரு வகையில், குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு எழும், உதடு வீங்கும், வாந்தியும் மூச்சுத் திணறலும் வரலாம். அப்படிப்பட்ட குழந்தையை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், வீட்டில் எந்தச் சோதனையும் கூடாது. இன்னொரு வகை மெதுவானது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் குடலில் அழற்சியாக வெளிப்படும். எங்களுடையது இரண்டாவது வகையாக இருக்கலாம் என்றார். இந்த வகைக்கு இரத்தப் பரிசோதனையோ தோல் குத்துப் பரிசோதனையோ விடை சொல்லாது. பசும்பால் புரதத்தை இரண்டு முதல் நான்கு வாரம் முற்றிலும் நிறுத்திப் பார்ப்பதும், பிறகு மறுபடி கொடுத்துப் பார்ப்பதுமே பரிசோதனை.

நிறுத்துவதற்கென்று உள்ள பால் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை எங்கள் ஊர்ப் பூக்கடையை வைத்துச் சொல்லலாம். புரதம் என்பது கட்டிய மல்லிகைச் சரம். ஒவ்வாமை உள்ள குழந்தையின் உடல், சரத்தைக் கண்டு அடையாளம் பிடித்துச் சண்டைக்குப் போகிறது. சரத்தை முழம் முழமாக நறுக்கினால் அது பாதி உடைத்த புரதம். முழத்தைப் பார்த்தும் உடல் சரத்தை அடையாளம் கண்டுகொள்ளும், ஆகவே மென்மையான பால் என்று விற்கப்படும் அந்த வகை ஒவ்வாமைக்கு மருந்தாகாது. இரண்டு மூன்று பூக்களாகத் தெறித்துப் போகும் அளவுக்கு உடைத்தால் அது முழுமையாக உடைத்த புரதம். பெரும்பாலான ஒவ்வாமைக் குழந்தைகளுக்கு இதுவே போதும். அதற்கும் கேட்காத பத்தில் ஒரு குழந்தைக்கும், ஒவ்வாமை மிகக் கடுமையாக உள்ள குழந்தைகளுக்கும் உதிரிப்பூ, அதாவது அமினோ அமிலங்களால் மட்டுமே ஆன பால்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது இரண்டு மூன்று பூ வகை. மதுரையில் நான் ஏறி இறங்கிய கடைகளில் அது இல்லை. சொல்லி வைத்து, சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். விலை சாதாரண டப்பாவைப்போல மூன்று நான்கு மடங்கு. ஐந்து கிலோ எடையுள்ள, புட்டிப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு, கிலோவுக்கு 150 மில்லி என்ற கணக்கில் நாளொன்றுக்கு 750 மில்லி பால் வேண்டும். 400 கிராம் டப்பாவில் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே பால் வரும். ஆக நான்கு நாளுக்கு ஒரு டப்பா. மாதச் சம்பளக்காரர் ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார் என்று தெரியும். நம் நாட்டில் பல மருத்துவர்கள் சோயா பாலை எழுதிக் கொடுப்பதன் காரணமும் இந்த விலையே. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அது பல நேரங்களில் நல்ல மாற்று. அதற்கு முன் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பசும்பாலுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்வதில்லை.

டப்பாவைத் திறந்ததும் ஒரு வாடை. புளித்த உருளைக்கிழங்கும் மருந்தும் சேர்ந்த மாதிரி. நான் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு, கூடவே காரமான ஒரு புளிப்பு. இதை யார் குடிப்பார்கள் என்று நினைத்தோம். அவள் முகத்தைச் சுளித்துவிட்டுக் குடித்தாள். நான்கு மாத வயதுக்கு முன் இந்தச் சுவையைக் குழந்தைகள் எளிதாக ஏற்றுக்கொள்கின்றன, அதற்குப் பின் அறிமுகம் செய்தால் அடம்பிடிக்கின்றன என்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தில் கண்டிருக்கிறார்கள். மலம் கரும்பச்சையாக, இளகலாக, கடும் நாற்றத்தோடு போனது. இது இந்தப் பாலின் இயல்பு, பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பிழைத்தோம். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே டப்பாவை மூடி வைத்திருப்போம். நிறம் பார்த்துப் பயந்து இடையில் விட்டவர்கள் நிறையப் பேர் என்று மருத்துவர் சொன்னார்.

டப்பாவை மட்டும் மாற்றினால் போதவில்லை, தாய்ப்பாலும் குடிக்கிறாளே. தாய் சாப்பிடும் பாலின் புரதத்தில் சிறிதளவு தாய்ப்பாலிலும் வருகிறது. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம், உங்கள் சாப்பாட்டில் பாலை நிறுத்துங்கள், கால்சியம் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் பால் குடித்தாக வேண்டும் என்று நம்பும் வீட்டில் இது சிறு புரட்சி. காலையில் பூண்டு போட்டுக் காய்ச்சிய பால், மதியம் தயிர், இரவு பனங்கற்கண்டுப் பால் எல்லாம் போயின. என் மாமியார் ஒரு நாள் முழுக்க மனத்தாங்கலோடு இருந்துவிட்டு, மறுநாள் அடுப்படியையே மாற்றி அமைத்தார். கருப்பட்டிக் கடுங்காப்பி, சுறாப் புட்டு, நல்லெண்ணெய் விட்ட பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், தேங்காய்ப்பால் ஆப்பம். கண்ணுக்குத் தெரிந்த பாலைவிடத் தெரியாத பால்தான் தொல்லை. ரவா தோசை மாவில் மோர், உப்புமாவில் நெய், கடையில் வாங்கிய ரொட்டி, பிஸ்கட், ஊறவைத்த மோர்மிளகாய். பிஸ்கட் உறையின் பின்புறத்தைச் சிறு எழுத்தில் படிக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து வந்தது.

சிவப்பு முதலில் நின்றது. அழுகை அதற்குப் பின் மெல்லக் குறைந்தது. படை கடைசியாக மங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்போதுதான் மருத்துவர், பழைய பாலைத் திரும்பவும் கொடுங்கள் என்றார்.

என் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நல்லா இருக்குற புள்ளைக்கி வேணும்னே யாராச்சும் ஒத்துக்காததக் குடுப்பாங்களாப்பா? படிச்சவங்க செய்யிற வேலையா இது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மருத்துவரின் பதிலும் நியாயமானது. குழந்தைக்கு இப்போது மூன்று மாதம் நெருங்குகிறது. அழுகை தானாகவே குறையும் காலம். மலத்தில் இரத்தம் வருவதும் சில குழந்தைகளுக்குத் தானாகவே நின்றுவிடும். பால் மாறியதால் நின்றதா, நாள் ஆனதால் நின்றதா என்று திரும்பிக் கொடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. சொல்ல முடியாமலேயே இந்த விலையுயர்ந்த டப்பாவை ஒரு வருடம் வாங்குவீர்களா, தாயை ஒரு வருடம் தயிர் இல்லாமல் வைத்திருப்பீர்களா என்று கேட்டார்.

பின்னர் நானாகத் தேடிப் படித்தபோது அவருடைய பிடிவாதத்தின் பின்னணி தெரிந்தது. பசும்பால் புரத ஒவ்வாமை நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வரும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் ஏறத்தாழ 12,000 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து, சந்தேகப்பட்டவர்களுக்குப் பாலை முறைப்படி மீண்டும் கொடுத்து உறுதி செய்தபோது, அந்த எண்ணிக்கை நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக, அரை விழுக்காட்டை ஒட்டியே வந்தது. இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் 2006க்கும் 2016க்கும் இடையே ஒவ்வாமைக்கான சிறப்புப் பால் பவுடரின் மருந்துச் சீட்டுகள் ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகரித்தன. குழந்தைகளின் குடல் பத்தாண்டுகளில் அப்படி மாறிவிடாது. திரும்பிக் கொடுத்துப் பார்க்கும் பாதிச் சோதனையை எல்லோரும் விட்டுவிடுவதாலேயே, ஒவ்வாமை இல்லாத எத்தனையோ பிள்ளைகள் ஒவ்வாமைக்காரர்களாக வளர்கிறார்கள்.

எங்களுக்கு விடை விரைவிலேயே கிடைத்தது. பழைய பாலைச் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனதில், முதலில் முதுகை வளைத்துப் புட்டியைத் தள்ளும் பழக்கம் திரும்பியது, அதன் பிறகு துணியில் சளியும் சிவப்பும். உடனே நிறுத்திவிட்டோம். மறுபடி தெளிவானது. அம்மாவும் அதற்குப் பிறகு அந்த டப்பாவின் விலையைப் பற்றிப் பேசவில்லை.

இடையில் வந்த வேறு சில யோசனைகளையும் குறித்துவிடுகிறேன். ஆட்டுப்பால் கொடுக்கலாமே என்றார்கள். ஆட்டுப்பால் புரதமும் எருமைப்பால் புரதமும் பசும்பால் புரதத்தைப் பெரிதும் ஒத்திருப்பதால், இதற்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அவையும் ஆகாது. கழுதைப்பால் விற்பவர் தெருவில் கழுதையோடு வந்தபோது, ஒரு சங்காவது புகட்டிவிடலாம் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலுக்கே வந்துவிட்டார். இதைச் சிரித்து ஒதுக்குவதற்கில்லை என்பது எனக்கே ஆச்சரியம். கழுதைப்பாலின் புரதம் தாய்ப்பாலுக்குச் சற்று நெருக்கமானது. இத்தாலியில் பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து ஆராய்ந்து, பலருக்கு ஒத்துக்கொள்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே அது சூடாக்கிக் கிருமி நீக்கி, குறைவாக உள்ள கொழுப்பை ஈடுசெய்து கொடுக்கப்படுவது. தெருவில் கறந்த கையோடு பச்சையாகப் புகட்டும் சங்குப் பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாட்டியை ஒரு காப்பி கொடுத்து அனுப்பி வைத்தோம்.

மெதுவான வகை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று வயதுக்குள் போய்விடுகிறது. பலருக்கு ஒரு வயதை ஒட்டியே. ஆகவே குழந்தைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் ஆகும்போது மீண்டும் பாலைப் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். முதல் படி, மாவோடு சேர்த்து நன்றாகச் சுட்ட பால். அதிகச் சூட்டில் நெடுநேரம் வேகும்போது, அதுவும் கோதுமை மாவோடு சேரும்போது, பால் புரதங்கள் சில தம் உருவை இழந்து சாதுவாகிவிடுகின்றன. எனவே ஒரு துண்டு பிஸ்கட்டில் தொடங்கி, ரஸ்க், கேக், பால் விட்டுப் பிசைந்த சப்பாத்தி, பிறகு தயிர், கடைசியாகக் காய்ச்சிய பால் என்று மருத்துவர் எங்கள் சாப்பாட்டுக்கேற்பப் பட்டியலிட்டுக் கொடுத்தார். ஒரு படியில் சில நாள் தங்கி, மலத்தையும் தோலையும் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஏதாவது தென்பட்டால் முந்தைய படிக்கு இறங்கி, சில வாரம் கழித்து மறுபடி ஏற வேண்டும். கேக்கில் ஒருமுறை எங்களுக்கு அப்படி இறங்க நேர்ந்தது.

இப்போது தயிர்ச் சாதம் வரை வந்திருக்கிறாள். என் மனைவியும் தயிருக்குத் திரும்பிவிட்டார். காய்ச்சிய பால் மட்டும் பாக்கி. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து, தடுப்பூசி போட்ட நாட்களைத் தவிர்த்து, காலை வேளையில் இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் மூக்கு ஒழுகிக்கொண்டிருப்பதால் தள்ளி வைத்திருக்கிறோம்.